சைக்கிள் கோடும் உரக்கடைக் காரும்

விளாங்குடியில் நாங்கள் குடியிருந்த ரோட்டில் சொந்தக் கார் வைத்திருந்தது ஒரே ஒரு ஆள்தான். உரக்கடைக்காரர். எத்தனையாவது கை என்று அவருக்கே தெரியாத ஒரு கறுப்புக் கார். தள்ளாமல் அது ஸ்டார்ட் ஆகி நான் பார்த்ததில்லை. வாரத்தில் ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள் நகரும். மற்ற நாளெல்லாம் அவர் வாசலில் குளித்து, துடைத்து, பொட்டு வைத்துக்கொண்டு சும்மா நிற்கும். காலையில் அவர் வீட்டுக்குள் உட்கார்ந்து பேப்பர் படிக்க மாட்டார். காருக்குள் உட்கார்ந்து படிப்பார். நாலு பேர் பார்க்க வேண்டுமே.

அந்தக் காரின் கதவுதான் எங்கள் அக்காவைக் கீழே தள்ளியது.

அக்கா அப்போதுதான் மில் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்திருந்தாள். ஆறு மாசம் தற்காலிகம். அதற்குள் மூன்று தடவை லேட்டாகப் போனால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எட்டு மணிக்குச் சங்கு ஊதும், கேட்டைச் சாத்துவார்கள், அவ்வளவுதான். பஸ்ஸை நம்ப முடியாது. எங்கள் ஸ்டாப்புக்கு வரும்போதே படிக்கட்டில் ஆள் தொங்கும், டிரைவர் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அதனால் சைக்கிள். எங்கள் ரோடு திண்டுக்கல் ரோட்டில் பிரிந்து நேராக மில்லின் பின் கேட்டுக்குப் போகும். வழி சுருக்கம். ஆனால் ரோட்டின் தெற்குப் பக்கம் முழுக்க வண்டிகள். உரக்கடைக்காரர் கார், அவருக்கு அடுத்த வீட்டு லாரி, அதற்கடுத்து டிராக்டர் டிரெய்லர். மிச்சம் இருக்கிற ரோட்டில் எதிரும் புதிருமாக மாட்டுவண்டி, லோடு லாரி, நடுவே காலை ஷிப்டுக்குப் போகிற சைக்கிள் கூட்டம்.

ஒரு நாள் அவர் பேப்பர் படித்து முடித்துவிட்டு, பின்னால் திரும்பிப் பார்க்காமல், மகாராஜா மாதிரி கதவைத் திறந்தார். அக்கா கதவில் மோதி ரோட்டில் விழுந்தாள். முழங்காலில் தோல் உரிந்து ரத்தம். மனுஷன் இறங்கி வந்து முதலில் கதவைத் தடவிப் பார்த்தார்.

"பாத்து வரக்கூடாதா தாயி? பெயின்ட்டுல கோடு விழுந்துருச்சே."

அக்கா ரத்தத்தோடு ஆபீசுக்குப் போனாள். கேட் சாத்தியிருந்தது. ஒன்று.

சாயந்தரம் அப்பா தீர்ப்புச் சொன்னார். அவர் கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க். வெளியே யாரிடமும் வாயைத் திறக்க மாட்டார், அதனால் வீட்டில் ஹைகோர்ட்.

"இன்னொரு தடவ விழுந்தேன்னு வையி, சைக்கிளத் தூக்கிப் பரண்ல போட்டுருவேன். வேலையும் வேண்டாம், ஒன்னும் வேண்டாம்."

"கதவத் தொறந்தவரப் போயி ஒரு வார்த்த கேளுங்களேன்," என்றாள் அக்கா.

"அவுகட்ட என்னத்தப் போயிக் கேக்க? கார் வச்சிருக்கவுக."

இதுதான் எங்கள் ரோடு. கார் வைத்திருந்தால் அவர் 'அவுக'. சைக்கிளில் போனால் 'பாத்து வரக்கூடாதா'.

மில் ஆட்கள் மனு மேல் மனு போட்டிருந்தார்கள். கடைசியில் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஒரு ஓவர்சியர் வந்தார். கயிறு, ஒரு வாளி சுண்ணாம்பு, இரண்டு ஆள். தெற்கு ஓரத்தில் நாலடி அளந்து நெடுகக் கோடு இழுத்து, 'சைக்கிள் மட்டும்' என்று எழுதிவிட்டுப் போனார். வண்டிகளை யார் எடுப்பது என்று அவர் யோசிக்கவே இல்லை. காருக்கு முன்னால் வரைக்கும் கோடு வந்தது, காருக்குப் பின்னாலிருந்து மறுபடி ஆரம்பித்தது. காருக்குக் கீழே சைக்கிள் போகும் என்று நினைத்தாரோ என்னவோ. கேட்டதற்கு, "எனக்குக் கோடு போடத்தான் ஆர்டர்," என்றார். சர்க்கார் சம்பளத்தில் இப்படி ஒரு மூளை.

வண்டி நிற்காத இடத்தில் மட்டும் பாதை நன்றாக இருந்தது. அதில் எங்கள் ஜனம் மறுநாளே மிளகாய் வத்தல் காயப்போட்டது. வெள்ளைக் கோடு போட்டு யாரோ அவர்களுக்காகக் களம் ஒதுக்கித் தந்த மாதிரி, கோட்டைத் தாண்டாமல், அவ்வளவு ஒழுங்காக. எங்கள் ஊரில் ஒரு கோட்டை மதித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அக்கா மறுபடி லேட்டானாள். லாரியை ரிவர்ஸ் எடுக்கிறேன் என்று கிளீனர் ரோட்டை அடைத்து நிறுத்தி, பத்து நிமிஷம் போய்விட்டது. இரண்டு. இன்னும் ஒன்று பாக்கி. அவள் தற்காலிகம் முடிய ஏழு வாரம் இருந்தது.

அப்பா மாதிரி அவள் வாய் மூடி இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நான் அப்போது பி.ஏ. முடித்துவிட்டு முழு நேரமாகச் சும்மா இருந்தேன். கயிற்றின் ஒரு நுனியைப் பிடிக்க அந்தப் படிப்பு போதும். காரின் அகலம், லாரியின் அகலம், ரோட்டின் அகலம் எல்லாம் அளந்தோம். லாரி கிளீனர் டயரில் சாய்ந்துகொண்டு பார்த்தான்.

"என்னண்ணே, லாரிக்குச் சட்ட தைக்கப் போறீகளா?"

கணக்கு சுலபம். வண்டியெல்லாம் வடக்குப் பக்கம் நின்றால், தெற்கே நாலடி சைக்கிளுக்கு, நடுவில் ஒரு லாரி தாராளமாகப் போக வழி. மூன்றாம் வகுப்புப் பையன் போடுவான். ஆனால் படிப்பகத்தில் கூட்டம் போட்டுப் பேசியபோது கணக்கைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை.

"என் வாசல்ல என் வண்டி நிக்கணுமா, ஊரான் வாசல்ல நிக்கணுமா?" என்றார் உரக்கடைக்காரர்.

"எதுத்தாப்லதான மாமா நிக்கப் போகுது. நடுவுல ரோடுதான," என்றாள் அக்கா.

"அதில்ல தாயி. பாக்குறவன் அது யார் காருன்னு நெனப்பான்?"

நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. லாரிக்காரர், டிராக்டர்காரர் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அதுதான் அவர்களுடைய நிஜமான பிரச்சினை. வெயில் படும், பெயின்ட் போகும், டயர் காயும் என்று அதுவரை சொன்னதெல்லாம் சும்மா. வண்டி என்பது போவதற்கு இல்லை. வாசலில் நிற்பதற்கு. அடுத்தவன் வாசலில் நின்றால், அவன் கார் வாங்கிவிட்டதாக ஊர் நினைத்துவிட்டால், அதைவிட ஒரு நஷ்டம் உண்டா?

அக்கா விடவில்லை. "ஒங்க காரத் தெரியாதவுக இந்த ஊர்ல யாரு மாமா இருக்கா? நம்பர் பிளேட்டப் பாக்காமயே சொல்லுவாகளே," என்றாள். மனுஷனுக்கு அந்த ஒரு வாக்கியத்தில் உடம்பு பூரித்துப்போனது. புகழ்ச்சிக்கு இவ்வளவு மலிவாக விலை போகிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மறுநாள் கார் வடக்குப் பக்கம் வந்து நின்றது. அவர் நகர்ந்ததும் லாரி நகர்ந்தது, டிரெய்லர் நகர்ந்தது. உரக்கடைக்காரர் வீட்டுக்கு நேர் எதிர் வீடு எங்களுடையது. கார் எங்கள் வாசலில் நின்றது.

ஒரு மாசம். சைக்கிள்காரர்கள் தெற்கு ஓரத்தில் வரிசையாகப் போனார்கள். அக்கா ஏழே முக்காலுக்கு வீட்டை விட்டால் எட்டடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது மில்லில் இருந்தாள். வத்தல் காயப்போடுகிறவர்களிடம் மட்டும் தினம் சண்டை. அது இல்லாவிட்டால் எங்கள் ஊர் இல்லை.

அதற்குள் அப்பா ஒரு வேலை செய்தார்.

கல்லுப்பட்டிப் பக்கமிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை, அவன் அம்மா, அவன் தாய்மாமன். தாய்மாமன்தான் பேசுகிற ஆள். வேனை விட்டு இறங்கியதும் அந்த ஆள் பார்த்தது வீட்டை அல்ல, எங்களை அல்ல. காரை. சுற்றி வந்து ஒரு தட்டுத் தட்டினார்.

"வண்டி எடுத்து எம்புட்டு நாளாச்சு?"

அப்பா ஒரு வினாடி யோசித்தார். அந்த ஒரு வினாடியில் அவர் முகத்தில் ஓடியதை நான் பார்த்தேன். "ஆச்சு, ஒரு ரெண்டு வருசம் இருக்கும்," என்றார்.

பொய்கூட இல்லை பாருங்கள். உரக்கடைக்காரர் எடுத்து இரண்டு வருஷம்தான். எங்கள் அப்பா பொய் சொல்வதில்கூடத் தைரியசாலி இல்லை.

உள்ளே மிக்சரும் காபியும் வந்தன. மாப்பிள்ளையின் அம்மா, அக்காவின் முடி நீளத்தைப் பார்த்துவிட்டு, ஜன்னல் வழியாகக் காரின் நீளத்தையும் பார்த்தாள். கேள்விகள் எல்லாம் காரைச் சுற்றியே வந்தன. பெட்ரோலா டீசலா, டிரைவர் உண்டா, கல்யாணத்துக்குப் பிறகு வண்டி எங்கே நிற்கும். அம்மா தட்டோடு அடுப்படிக்குப் போனவள் திரும்பி வரவே இல்லை. அப்பா எல்லாவற்றுக்கும் "பாத்துக்கிரலாம், பாத்துக்கிரலாம்" என்றார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெட்கம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது எனக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து உரக்கடைக்காரர் எதிர் வீட்டிலிருந்து பனியனும் கைலியுமாக வந்தார். கையில் சாவி, தோளில் துடைக்கிற துணி. கார் பானட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டார்.

தாய்மாமன் எழுந்து வாசலுக்குப் போனார்.

"ஏப்பா டிரைவர்! வண்டிய எடு. அப்படியே திருப்பரங்குன்றம் வரைக்கும் போயி ஒரு கும்புடு போட்டுட்டு வந்துருவோம்."

பானட்டுக்குள்ளிருந்து தலை மெதுவாக வெளியே வந்தது.

"யார்றா டிரைவரு?"

"என்னப்பா, மொதலாளி வீட்டு விருந்தாளிகிட்ட இப்படியா பேசுறது?"

"மொதலாளியா? எவன்டா மொதலாளி?"

எனக்கு அந்த நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒளிக்கவில்லை. இரண்டு வருஷமாகக் காருக்குள் உட்கார்ந்து பேப்பர் படித்த மனுஷனை ஒருத்தன் டிரைவர் என்று கூப்பிட்டான். அதற்கு நான் காத்திருந்த மாதிரி இருந்தது. அப்பா வாசல்படியில் நின்று, வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். 

அக்காதான் வெளியே வந்தாள். பட்டுச்சேலை, தலை நிறைய பூ.

"அவுக டிரைவர் இல்லங்க. கார் அவுகளுது. எங்க வாசல்ல நிக்குது, அம்புட்டுத்தான். எங்களுக்குக் காரே கெடையாது. நான் வேலைக்குப் போறது அந்தா, அந்தச் சைக்கிள்ல."

மாப்பிள்ளையின் அம்மா சைக்கிளைப் பார்த்தாள். "சைக்கிள்ல போற பிள்ளையா?" என்றாள், நாய் கடித்த பிள்ளையா என்று கேட்கிற மாதிரி. பத்து நிமிஷத்தில் வேன் கிளம்பிவிட்டது. மாப்பிள்ளை என்று வந்தவன் கடைசி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மிக்சரை மட்டும் மிச்சம் வைக்காமல் தின்றிருந்தான்.

உரக்கடைக்காரர் அப்பாவைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார். "என் காரு ஒனக்குக் காராய்யா, மாப்ள?"

மறுநாள் விடிந்தபோது கார் தெற்குப் பக்கம், அவர் வாசலில், சைக்கிள் பாதைக்கு நட்டநடுவில் நின்றது. எட்டு மணிக்குள் லாரி திரும்பிவிட்டது, டிரெய்லர் திரும்பிவிட்டது. லாரிக்காரரை யாரும் டிரைவர் என்று சொல்லவில்லை, அவர் ஏன் திரும்பினார் என்று கேட்காதீர்கள். கார்க்காரர் போனால் அவரும் போவார். இந்த ரோட்டில் எல்லாரும் அப்படித்தான்.

அக்காவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஒரே ஒரு லேட் பாக்கி. ஒரே ஒரு விழுதல் பாக்கி. அவள் லோடு லாரிகளுக்கும் மாட்டுவண்டிகளுக்கும் நடுவில் புகுந்து போனாள். திங்கட்கிழமை கேட் சாத்த இரண்டு நிமிஷம் இருக்கும்போது உள்ளே போனாளாம். செவ்வாய்க்கிழமை அதுவும் இல்லை, வாட்ச்மேன் கதவில் கை வைத்துவிட்டாராம். புதன்கிழமை ராத்திரிச் சோறு தின்னும்போது அப்பாவிடம் சொன்னாள்.

"நீங்க போயி அவுககிட்ட மன்னிப்புக் கேளுங்கப்பா."

"நானா?"

"நானா கார் என்னுதுன்னு சொன்னேன்?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சைக்கிளைப் பரணில் போடுகிற தீர்ப்பு அன்றைக்கு வெளியே வரவில்லை. கை கழுவிவிட்டுச் சட்டையைப் போட்டார். ரோட்டைக் கடக்க அவருக்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. அக்காவும் பின்னால் போனாள், வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

"மச்சான், தப்பு என் மேல," என்றார் அப்பா.

"தப்புன்னா? நாளைக்கி இன்னொருத்தன் வருவான், இன்னொருத்தன் டிரைவர்ங்குவான். நான் என்ன நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டா திரியட்டும்?"

"நெத்தியில எதுக்கு மாமா?" என்றாள் அக்கா. "கதவுல எழுதிருங்க. பெரிய எழுத்தா. இனிஷியல், பேரு, கடைப் பேரு, எல்லாம். எந்த வாசல்ல நின்னாலும் யார் காருன்னு பஸ்ல போறவனுக்கும் தெரியும்."

அவர் காரை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கதவில் தன் பேர் எப்படி இருக்கும் என்று கண்ணாலேயே எழுதிப் பார்த்தார்.

"மஞ்சள்ல எழுதலாமா? கறுப்புல மஞ்சள் எடுப்பா இருக்கும்ல?"

"எடுப்பாத்தான் இருக்கும் மாமா."

ஒரு ரோட்டின் போக்குவரத்து இப்படித்தான் முடிவானது. ஓவர்சியரின் கயிறும் இல்லை, மில் ஆட்களின் மனுவும் இல்லை. ஒரு டப்பா மஞ்சள் பெயின்ட்.

வெள்ளிக்கிழமை காலையில், நல்ல நேரம் என்று சொல்லி, ஏழரைக்கு அவர் காரை வடக்கே நகர்த்தக் கிளம்பினார். எதிர்ப்பக்கம் நிழல் இருக்குமாம், பெயின்டர் அங்கே வைத்து எழுதுவானாம். ஷிப்டு நேரத்தில் எதற்கு என்று கேட்டேன். நல்ல நேரம் தாண்டிவிடும் என்றார். நானும் அப்பாவும் லாரி கிளீனரும் தள்ளினோம். கார் பாதி ரோடு வரைக்கும் உருண்டு, குறுக்கே நின்றுவிட்டது. அசையவில்லை. பின் சக்கரம் இறுகிப் பிடித்துக்கொண்டது. மூக்கு எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்து, வால் அவர் வீட்டு வாசலில். ஒரு பக்கம் அது, மறுபக்கம் இன்னும் நகராத லாரி. மில் சைக்கிள்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து முட்டி நின்றன. மணிச் சத்தம், கெட்ட வார்த்தை.

"எலே, காரை வாங்குனியா, ரோட்டச் சாத்துற கேட்ட வாங்குனியாலே?" என்றது ஒரு குரல்.

அக்கா அந்தக் கூட்டத்துக்குள் சைக்கிளோடு மாட்டிக்கொண்டாள். மணி ஏழு ஐம்பது. நான் தள்ளிக்கொண்டே அவளைப் பார்த்தேன். அவள் கத்தவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டாள். உரக்கடைக்காரர் உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா, பெயின்ட் போயிரும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா தள்ளுவதை விட்டார். கூட்டத்துக்குள் போய் அக்கா கையிலிருந்து சைக்கிளைப் பிடுங்கினார். சரி, பரணுக்குப் போகிறது என்று நினைத்தேன். அவர் அதைத் தூக்கித் தோளில் போட்டார். சங்கத்தில் பேனா தவிர எதையும் தூக்காத மனுஷன். வேட்டி செயினில் மாட்டிக் கிழிந்தது. கார் மூக்குக்கும் எங்கள் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற சந்து. முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டு நுழைந்தார். பெடல் பானட்டில் நீளமாக ஒரு கோடு இழுத்துக்கொண்டே போனது. கார் உள்ளேயிருந்து உரக்கடைக்காரர் அலறினார்.

"மாப்ள! பெயின்ட்டு! பெயின்ட்டுய்யா!"

அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் சைக்கிளை இறக்கினார். அக்கா பின்னாலேயே சந்தில் நுழைந்து வந்தாள்.

"ஏறு. போ."

அவள் போனாள். அந்தப் பக்கம் ரோடு காலியாகக் கிடந்தது. அதற்குள் மில் ஆட்கள் அப்பாவைப் பார்த்து அதே மாதிரி சைக்கிளைத் தோளில் தூக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொரு சைக்கிளும் பானட்டில் தன் பங்குக்கு ஒரு கோடு. பெரிய மனுஷர் ஸ்டியரிங்கை விட்டு இறங்கவும் முடியாமல், இறங்காமல் இருக்கவும் முடியாமல், கண்ணாடிக்குள் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தார்.

சங்கு ஊதியபோது நான் இன்னும் தள்ளிக்கொண்டிருந்தேன். நேரத்துக்குப் போனாளா, இல்லையா, தெரியாது. சாயந்தரம் வரைக்கும் தெரியாது. அப்பா அன்றைக்கு ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, கிழிந்த வேட்டியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். சுவரில் தேய்ந்த முதுகுக்கு அம்மா எண்ணெய் கொண்டுவந்தாள், வேண்டாம் என்றுவிட்டார். ஒருவழியாக எங்கள் பக்கம் தள்ளி நிறுத்திய காரிடம் பெயின்டர் வந்து, பானட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பேர் எழுதுவதற்கு முன்னால் வண்டி முழுக்கப் பெயின்ட் அடிக்கணும் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஐந்தரைக்கு அக்கா வந்தாள். சைக்கிளை ஸ்டாண்டு போட்டாள்.

"கேட்டு?" என்றார் அப்பா.

"சாத்திக்கிட்டிருந்தாக. நடுவுல கால விட்டு நொழஞ்சுட்டேன்."

அப்பா அவள் காலைப் பார்த்தார். செருப்பின் வார் அறுந்திருந்தது. எழுந்து உள்ளே போய் அவருடைய ஆபீஸ் செருப்பைக் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டார். இரண்டு சைஸ் பெரிது. அக்கா அதைப் போட்டுக்கொண்டு, "பெடல் மிதிக்க முடியாதுப்பா," என்றாள். "நாளைக்கி வார் தச்சுக்கிறேன்."